தோள் மறந்த பிடி

கோத்திருந்த கை திடீரென்று நீண்டது. முப்பிடாதிக்கு முதலில் தெரிந்தது அதுதான். அலறல், விசில், கூட்டத்தின் இரைச்சல் எல்லாம் பிறகுதான் காதில் விழுந்தன. அவளுடைய இடது கைக்குள் சந்தனமாரியின் வலது கை இருந்தது. கபடி பாடி வந்த எதிரணி ரெய்டர் தலையைக் குனிந்து இருவருக்கும் நடுவே புகுந்து, அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தாள். இருவரும் பிடியை விடவில்லை. மாரியின் கை பின்பக்கமாக மேலேறி வளைந்தது. உள்ளே எதுவோ நழுவியது. அந்தக் கை ஒரு விரற்கடை நீளம் கூடி, பிழியாத துணி மாதிரி முப்பிடாதியின் பிடியில் கனத்தது.

அலறியது மாரி இல்லை, வெளியே உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரி. மாரி மெத்தையில் முழங்காலிட்டு, வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டிருந்தாள். உருண்டு நிற்க வேண்டிய தோள் ஹேங்கரில் மாட்டிய சட்டை மாதிரி சதுரமாக இறங்கியிருந்தது.

"ஆளு அவுட்டா?" என்று கேட்டாள்.

"அவுட்டுதாம்ட்டி. பேசாம இரி," என்றாள் முப்பிடாதி.

"அப்ப சரி." அதற்குப் பிறகுதான் மாரி கண்ணை மூடினாள்.

கபடி ஆடுகிற ஊர்களில் தோள் இறங்கினால் ஏற்றிவிட ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. மைதானத்தில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கலை தங்களுக்குத் தெரியும் என்று நம்புகிறவர்கள். அன்றும் இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். பயிற்சியாளர் தங்கப்பழம் அவர்களையும் முந்திவிட்டார். செருப்பைக் கழற்றி, குதிகாலை மாரியின் அக்குளில் ஊன்றி இழுக்கத் தயாராக நின்றார்.

முப்பிடாதி குறுக்கே விழுந்தாள். "தொடாதீங்க சார். எக்ஸ்ரே படம் எடுக்காம இழுக்கக் கூடாதுன்னு முதலுதவிக் கிளாஸ்ல சொன்னாவல்லா. உள்ள எலும்பு தெறிச்சிருந்தா?"

"தள்ளுளா. நான் இருவது பேருக்கு ஏத்தி விட்டிருக்கேன்."

"அதுல எத்தன பேரு இப்ப ஆடுதாவ?"

தங்கப்பழம் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனார்.

சிற்றாறு மகளிர் அணியை அந்த வருடம் தமிழ்நாட்டில் கபடி பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். பிடிக்கிறவர்கள் இரண்டிரண்டு பேராகக் கை கோத்து நிற்பதைச் சங்கிலி என்பார்கள். சிற்றாறின் இடது மூலையில் மாரியும் அவளை அடுத்து முப்பிடாதியும் கோத்து நின்ற சங்கிலியை அறுத்துக்கொண்டு போன ரெய்டர்களை விரல்விட்டு எண்ணலாம். ஐந்து வருடமாக அந்த ஜோடி மாறவில்லை. மாரி கை கொடுக்கிற விதமே தனி. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்திருப்பாள். ரெய்டர் பக்கத்தில் வந்ததும் உடனே பாயமாட்டாள். அரை மூச்சு பொறுத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, அதற்கப்புறம்தான் கை நீளும். மற்றவர்கள் பதறுகிற இடத்தில் இவள் காத்திருப்பாள். தங்கப்பழம் அதற்கு 'சிற்றாறு பிடி' என்று பெயர் வைத்து, சின்னப் பிள்ளைகள் வரைக்கும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். வெளிமாவட்டப் பயிற்சியாளர்கள்கூட வந்து வீடியோ எடுத்துப் போனார்கள்.

அந்தச் சங்கிலியை இந்திய முகாமுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தேர்வு ஆட்டம் ஐந்து மாதத்தில், வருகிற சித்திரையில். ஜோடியாக வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். தனி முப்பிடாதியை யாரும் கேட்கவில்லை. அது அவளுக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, மயக்க மருந்து கொடுத்து, கையை அவசரமில்லாமல் தளர்த்தித் தோளை உள்ளே ஏற்றினார்கள். பார்க்க எளிதாகத்தான் இருந்தது. கையைக் கழுத்துத் தூளியில் கட்டிவிட்டு அங்கிருந்த இளம் டாக்டர் உண்மையை மறைக்காமல் சொன்னார். இந்த வயதில், இப்படி மோதி ஆடுகிற ஆட்டத்தில், ஒரு தடவை இறங்கிய தோளைச் சும்மா விட்டால் பத்தில் ஏழெட்டுப் பேருக்குத் திரும்ப இறங்கும். பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் துளை போட்டு, தோள் குழியின் கிழிந்த விளிம்பைத் தைக்கலாம். தைத்தால் மோதி ஆட அரை வருடம் ஆகும்.

"சித்திரைக்கு முடியாதா?" என்றாள் மாரி.

"கோயம்புத்தூர்ல ஒருத்தங்க புது மாதிரி பண்றாங்க. ஆனா முதல் தடவை இறங்கினவங்களை மட்டும்தான் எடுப்பாங்க."

"முதல் தடவதான்," என்றாள் மாரி. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

கோயம்புத்தூர் டாக்டர் சௌந்தரிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கூடைப்பந்து ஆடியவர், மருத்துவக் கல்லூரியில் தோள் மூன்று தடவை இறங்கி ஆட்டத்தை விட்டவர். அதை இருவரும் வந்தவுடனேயே சொன்னார்.

"பாரு கண்ணு, கிழிஞ்ச விளிம்பை ஒட்டறது பெரிய வேலையே இல்லை. ஊசியில பசை விட்டா ஆறு வாரத்துல உன்ற சதையே வளர்ந்து மூடிக்கும். சிக்கல் அதுக்கு மேல இருக்குது. ஒரு தடவை இறங்குன தோள் பயந்துக்கும். மனசைச் சொல்லலை, தோளையே சொல்றேன். ஒவ்வொரு தடவை கையைத் தூக்கறப்பவும் சதை முன்கூட்டியே இறுக்கிப் புடிக்கும். எந்நேரமும் இறுக்க முடியாதில்ல? ஒரு நாள் தப்பான நேரத்துல விட்டுரும். மறுபடி இறங்கிரும்."

"அந்தப் பயத்த எடுப்பீகளா?"

"எடுக்க மாட்டேன். பழைய பாட்டைத் திரும்பப் போடுவேன். நீங்கெல்லாம் சின்ன வயசுல இருந்தே அந்தப் பனியன் போட்டு ஆடறீங்கல்ல?"

விளையாட்டு விடுதிகளில் பதின்மூன்று வயதிலிருந்து கொடுக்கிற பனியன் அது. தலைமுடியை விட மெல்லிய கம்பிகள் ஓடும். எந்தத் தசை எப்போது முறுக்குகிறது, எப்போது தளர்கிறது என்று பயிற்சி முழுக்கப் பதிந்துகொண்டே இருக்கும். யார் ஏய்க்கிறார்கள் என்று தங்கப்பழம் அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார். பிள்ளைகள் அதை சி.ஐ.டி. பனியன் என்பார்கள்.

"இறங்கறதுக்கு முன்னாடி உன்ற தோள் எப்படி ஆடுச்சோ, அது அப்படியே பதிவாகி இருக்குது. தோள்ல ஒரு பட்டை கட்டிவிட்டு, நீ தூங்கறப்ப அதையே நரம்புக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவேன். கொஞ்ச வாரத்துல தோள் அதை நம்பிரும். இறங்குனதே அதுக்குத் தெரியாது."

"அதுக்குத்தான் முதல் தடவைன்னு கேக்கீகளோ," என்றாள் முப்பிடாதி.

"ஆமா சாமி. முதல் தடவைன்னாத்தான் முன்னாடின்னு ஒண்ணு சுத்தமா இருக்கும். எங்க, நீயும் ஒரு பனியனைப் போடு. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல தோள் வேணும்."

முப்பிடாதி பனியனைப் போட்டு, சொன்னபடி கையைத் தூக்கினாள், மடக்கினாள், யாரோ கையைக் கோக்க வருவது போல நீட்டினாள். டாக்டர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி நீட்டச் சொன்னார்.

"உன்ற தோள் எப்ப கண்ணு இறங்குச்சு?"

"எனக்கா? எனக்கு எறங்குனதே இல்ல டாக்டர்."

"பொய் சொல்லாதே. நான் திட்ட மாட்டேன்."

"கோயில்ல வேணும்னாலும் வந்து சொல்லுதேன். எறங்கல."

டாக்டர் அவள் தோளைத் தொட்டு, அழுத்தி, சுழற்றிப் பார்த்தார். எலும்பும் சந்தும் கல்லாக இருந்தன. "தோள் நல்லாத்தான் இருக்குது. ஆனா அடிபட்ட தோள் மாதிரியே நடந்துக்குது. முழங்கையை ஏன் விலாவுல ஒட்டறே? நீட்டறதுக்கு முன்னாடி ஏன் நிக்கறே?"

"அதுதான் சிற்றாறு பிடி," முப்பிடாதி பெருமையாகச் சொன்னாள். "எங்க டீம்ல எல்லாரும் அப்படித்தான் பிடிப்போம்."

டாக்டர் தங்கப்பழத்தை வீடியோவில் கூப்பிட்டார். அவர் மைதானத்தில் இருந்தார். கேட்டதும் குஷியாகி, விசிலடித்துச் சின்னப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கை நீட்டச் சொல்லிக் காட்டினார். பன்னிரண்டு முழங்கைகள் பன்னிரண்டு விலாக்களில் ஒட்டின. பன்னிரண்டு பேரும் அரை மூச்சு பொறுத்தார்கள்.

"எப்படி மேடம்? நம்ம டெக்னிக்கு. வேற எவன்ட்டயும் கெடையாது."

"ஏனுங்க சார்," டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார், "தோள் இறங்குன புள்ளை எப்படிப் பயந்து கையை வெச்சுக்குமோ, அதையே பன்னெண்டு நல்ல புள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்து வெச்சிருக்கறீங்க!"

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. மாரிதான். தூளியில் கட்டிய கை குலுங்க, வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே, நிறுத்த முடியாமல் சிரித்தாள். முப்பிடாதி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு மெல்ல விளங்கிக்கொண்டிருந்தது.

"யாருட்ட இருந்துட்டி அது வந்துச்சு?" என்றாள்.

"எங்கிட்ட இருந்துதான்," என்றாள் மாரி.

பதினைந்து வயதில், சிற்றாறில் சேர்வதற்கு முன்னால், பக்கத்து ஊர்க் கோயில் கொடை ஆட்டத்தில் ஆடப் போனாளாம். விடுதிக்குத் தெரியாமல் போனதால் பனியன் போடவில்லை. அப்போது அவள் ரெய்டர். வலது கையை நீட்டி ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். தோள் இறங்கியது. வீட்டில் தெரிந்தால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. அப்பாவின் அக்காள் மகன் ஒருவன் ஏற்கனவே தாம்பூலத் தட்டோடு காத்திருந்தான். துண்டை மேலே போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறி, தொங்குகிற கையின் விரல்களைக் கம்பியில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"பாவூர்ச்சத்திரம் தாண்டி ஒரு ஆடு குறுக்க விழுந்துச்சு. டிரைவர் போட்டான் பாரு பிரேக்கு! நான் ஒரு பக்கம் போனேன், கை ஒரு பக்கம் போச்சு. டொக்குன்னு உள்ள போயிட்டு. ஆட்டுக்குத்தான் டாக்டர் பட்டம் குடுக்கணும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் கைய நீட்டி ரெய்டு பாட முடியல. சிற்றாறுல சேரும்போது மூலைல நிக்கேன்னேன். சார் பாத்துட்டு, ஏ, நல்ல பொறுமைட்டி உனக்குன்னாவ."

திரையில் தங்கப்பழத்தின் முகம் இன்னும் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "புண்ணோ புண்ணாக்கோ, அந்தப் பிடியில மூணு கோப்பை வாங்கிருக்கோம்," என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார்.

*

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அப்பன்னா ரெண்டு வழி இருக்குது. போன மாசத்துத் தோளைத் திரும்பக் கொடுக்கலாம். உன்ற புடி அப்படியே இருக்கும். சித்திரைக்கு இவகூடக் கைகோத்துட்டு நிப்பே. ஆனா அது ஏற்கனவே பயந்த தோள். எத்தனை நாள் தாங்கும்னு நான் எழுதித் தர மாட்டேன்."

"இன்னொண்ணு?"

"அந்தக் கொடைக்கு முந்தின வாரத்துத் தோள். அதுவும் பதிவுல இருக்குது. அதைப் போட்டா அஞ்சு வருசமா இந்தத் தோள் கத்துக்கிட்டது எல்லாம் போயிரும். பயமும் போயிரும். புடியும் போயிரும்."

"மறந்துருவாளா?" என்றாள் முப்பிடாதி.

"இவ மறக்க மாட்டா. கை மறந்துரும். உன்னைத் தெரியும். உன்ற கையைத் தெரியாது."

யோசித்துச் சொல்ல மறுநாள் காலைவரை நேரம் கொடுத்தார். இருவரும் ஆஸ்பத்திரி கேண்டீனில் போய் உட்கார்ந்தார்கள். மாரி இடது கையால் பூரியைப் பிய்க்கப் போராடினாள். முப்பிடாதி தட்டை இழுத்து, பிய்த்துப் போட்டு, திரும்பத் தள்ளினாள். அவளுக்குக் கோபமாக இருந்தது. ஐந்து வருடம் இந்தக் கையைப் பிடித்திருக்கிறாள். இந்தக் கை இறுகுவதை வைத்து ரெய்டர் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அந்தக் கைக்குள் என்ன இருந்தது என்று மட்டும் தெரியவில்லை.

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா, மூதி."

"சொல்லிருந்தா நீ மெதுவாப் பிடிச்சிருப்ப."

"பிடிக்கும்போது வலிக்குமாட்டி?"

"வலிக்காது. பயமா இருக்கும்."

"எப்ப?"

மாரி பூரியை மென்றுகொண்டே யோசித்தாள். "எப்பவும்தான். ஒவ்வொரு தடவ நீ கைய நீட்டும்போதும் இப்பப் போவும், இப்பப் போவும்னு இருக்கும். அந்த அரை மூச்சு நிப்பேன்ல, பொறுமை பொறுமைன்னு சார் சொல்லுவாவ. பொறுமையுமில்ல, ஒரு மண்ணுமில்ல. பிடிப்பமா ஓடிருவமான்னு நிக்கது."

முப்பிடாதி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

அவள் பார்த்ததிலேயே பயமில்லாத பிள்ளை என்று மாரியைத்தான் நினைத்திருந்தாள். எழுபது கிலோ ரெய்டர் பாய்ந்து வரும்போது இமைக்காமல் நிற்கிறவள். அப்படி நின்ற ஒவ்வொரு தடவையும் ஓடிவிடலாமா என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். ஒரு தடவைகூட ஓடவில்லை. ஒரு தடவைகூடக் கையைக் கொடுக்காமல் இருக்கவில்லை. பயம் இல்லாதவள் பிடிப்பதில் என்ன இருக்கிறது? அதை எருமைகூடச் செய்யும்.

"நீ சொல்லுட்டி," என்றாள் மாரி. "பழசே இருக்கட்டும்னா இருக்கட்டும். சித்திரைக்கு ரெண்டு பேரும் போவலாம். முகாம் முடிஞ்ச பொறவு எறங்குனா எறங்கிட்டுப் போவுது."

சொல்லிவிட்டால் போதும். ஒரு தலையாட்டல். முகாம், இந்தியச் சட்டை, ரயில்வேயில் வேலை, எல்லாம் அந்தத் தலையாட்டலுக்குப் பின்னால் வரிசையாக நின்றன. அவ்வளவையும் முப்பிடாதி நன்றாகப் பார்த்தாள். அவள் ஒன்றும் சாமியார் இல்லை.

"பயந்த கை எனக்கு வேண்டாம்," என்றாள். "போயி உன் கைய வாங்கிட்டு வா."

"என்னட்டி, கோவமா?"

"ஆமா. கோவந்தான். பூரியத் தின்னு."

*

சிகிச்சை பலித்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாரி தூங்கும்போது தோளில் கட்டிய பட்டை பதினைந்து வயதுப் பெண்ணின் கையைப் பற்றிக் காதோடு சொல்லிக்கொண்டே இருந்தது. தோள் நம்பியது. தை கடந்தபோது அவள் கையை வீசி நடந்தாள். விடுதிக் கதவிலெல்லாம் இடித்துக்கொண்டாள். அந்தக் கை கடைசியாக அப்படி வீசியபோது உடம்பு இன்னும் சின்னதாக இருந்தது. முதுகை அவளே சொறிந்தாள். கொடியில் எட்டித் துணி போட்டாள். ஐந்து வருடமாக அதெல்லாம் அவள் செய்யாமல் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் மற்றவர்களுக்கு உறைத்தது.

மாசியில் முப்பிடாதியும் அவளும் மெத்தையில் இறங்கிக் கை கோத்தார்கள். முதல் ரெய்டரிடமே இருவரின் தலையும் முட்டிக்கொண்டன. மாரி எங்கே இழுப்பாள் என்று முப்பிடாதியின் கைக்குத் தெரியவில்லை. காத்திருக்க வேண்டிய இடத்தில் மாரியின் கை பாய்ந்தது. இரண்டாம் தடவை பிடியே வழுக்கிப் போனது. மூன்றாம் தடவை முப்பிடாதி அரை மூச்சு பொறுத்தாள். மாரி அதற்குள் ரெய்டரின் இடுப்பில் இருந்தாள். ரெய்டர் மாரியையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினாள்.

"முழங்கைய உள்ள இழுளா!" தங்கப்பழம் கத்தினார். கத்திவிட்டு நின்றார். விசிலை வாயிலிருந்து எடுத்து, எதையோ புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி அதையே பார்த்தார். பிறகு அவர் செய்ததை முப்பிடாதி கடைசிவரை மறக்கவில்லை. சின்னப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "நான் உங்களுக்குத் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன். நாளையில இருந்து வேற மாதிரி படிப்போம்," என்றார். இருபது வருடம் பயிற்சியாளராக இருந்த மனுஷன். ஒரு பிள்ளை, "அப்ப கோப்பையத் திருப்பிக் குடுக்கணுமா சார்?" என்று கேட்டது. அதற்கு மட்டும் அடிக்கக் கை ஓங்கினார்.

மாரி ரெய்டுக்குப் போனாள். அந்தக் கைக்குத் தெரிந்தது அதுதான். பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டி, வலது கையை முழு நீளத்துக்கு வீசித் தொட்டுவிட்டு, திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டு வந்தாள். அப்படிச் சிரித்து ஆடி அவளை யாரும் பார்த்ததில்லை. முப்பிடாதி ஏஞ்சல் என்ற புதுப் பிள்ளையோடு கை கோத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் நின்றாள். மாரி வந்தால் எப்படி வருவாள் என்று தனக்குத் தெரியும் என நினைத்தாள். அரை மூச்சு நிற்பாள், அப்போது பிடிக்கலாம். மாரி வந்தாள். நிற்கவில்லை. முப்பிடாதியின் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டாள். அவுட்டாகி வெளியே போய் உட்கார்ந்தபோது முப்பிடாதிக்கு ஒன்று புரிந்தது. மாரியின் ஆட்டம் என்று அவள் படித்து வைத்திருந்ததெல்லாம் மாரியின் காயத்தைத்தான். அது இப்போது இல்லை.

சித்திரையில் தேர்வு ஆட்டத்துக்குத் திருச்சி போனார்கள்; ஜோடி பிரிந்ததைத் தங்கப்பழம் முன்பே எழுதி, மாரியை ரெய்டராகப் பார்க்கச் சொல்லியிருந்தார். சிற்றாறுப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, மற்ற மாவட்டக்காரர்களோடு கலந்து ஆடவிட்டார்கள். மாரி ஒரு பக்கம், முப்பிடாதியும் ஏஞ்சலும் இன்னொரு பக்கம். முதல் பாதியில் மாரி ஐந்து பேரைத் தொட்டாள். ஆனால் இடைவேளையில் தேர்வுக்குழு அம்மாள் தங்கப்பழத்திடம் பேசியது எல்லோர் காதிலும் விழுந்தது.

"நல்லாத்தான் ஆடறா. ஆனா யாருமே அவ வலது கையைப் பிடிச்சு இழுக்க மாட்டேங்கிறாங்களே. எல்லாரும் காலையே தேடறாங்க. வெளிநாட்டுக்காரி இப்படி இரக்கம் பார்ப்பாளா? அந்தக் கை தாங்கும்னு நான் எதை வச்சு எழுதறது?"

உண்மைதான். கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கை நீண்டு வரும்போது எல்லாப் பிள்ளைகளின் கையும் தானாக விலகியது.

மாரி தண்ணீர் குடிக்கிற சாக்கில் முப்பிடாதியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"இவளுவ ஒருத்தியும் தொட மாட்டாளுவ. நீ இழு."

"எனக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு? எறங்கிட்டுன்னா?"

"எறங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாவ."

"டாக்டர் கை இல்லட்டி அது."

"என் கைதான். அதான் உங்கிட்டச் சொல்லுதேன்." மாரி பாட்டிலை மூடி அவள் மடியில் போட்டாள். "மெதுவாப் பிடிச்சே, ஊருக்கு வந்து சாவடிச்சிருவேன்."

இரண்டாம் பாதியில் மாரி பாட வந்தாள். கபடி கபடி என்று மெல்லிய குரலில், உதடு அசைவது தெரியாமல். இடது மூலைக்கு வந்தாள். ரெய்டரைக் கண்டு முப்பிடாதி ஒருநாளும் பயந்ததில்லை. இப்போது கால் பின்வாங்கப் பார்த்தது. பிடிப்போமா, ஓடிவிடுவோமா. முழங்கை தானாக விலாவில் ஒட்டியது. ஓகோ, இப்படித்தானா இருந்தது என்று நினைத்தாள். ஐந்து வருடம், ஒவ்வொரு தடவையும், இதை உள்ளே வைத்துக்கொண்டா இந்த மூதி எனக்குக் கை கொடுத்தாள்?

மாரியின் வலது கை முழு நீளத்துக்கு வந்தது. விரல் நுனி முப்பிடாதியின் மார்பில் பட்டது. முப்பிடாதி அரை மூச்சுகூடப் பொறுக்கவில்லை. ஏஞ்சலின் கையை உதறிவிட்டு, அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றி, முழு உடம்பையும் பின்னால் எறிந்து இழுத்தாள். கை மேலேறியது. பின்பக்கமாக வளைந்தது. அன்றைக்கு நழுவிய அதே கோணம். முப்பிடாதி பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் கை நீளப்போகிறது என்று காத்திருந்தாள்.

நீளவில்லை.

பதிலுக்கு அவள் கால் மெத்தையில் வழுக்கியது. கயிற்றில் கட்டிய வண்டி மாதிரி அவள் நகர்ந்தாள். குதிகாலை ஊன்றினாள், பிடியை விடவில்லை, முழங்கால் மடங்கி, வயிறு தரையில் பட்டு, தாடை உரசி, அப்போதும் விடவில்லை. மாரி பாட்டை நிறுத்தாமல் ஒவ்வோர் அடியாக அவளை இழுத்துக்கொண்டு போய், இடது கையால் நடுக்கோட்டை ஓங்கி அறைந்தாள்.

விசில் ஊதியது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். தேர்வுக்குழு அம்மாள் குனிந்து எதையோ எழுதினார். முப்பிடாதி நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் பேர் அதில் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அவள் கண் ஒரு தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அது உருண்டையாக, வேர்வையில் பளபளத்துக்கொண்டு, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"கைய விடுட்டி," மாரி மூச்சு வாங்கினாள். "கோடு தாண்டியாச்சு."